பெற்றோரின் படிப்பும் பிள்ளைகளின் தொகையும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களைப் பற்றி நகரவாசிகளிடையே ஓர் எண்ணம் நிலவுகின்றது. 'படிப்பில்லாத சனங்கள், ஆகவே பிள்ளைகள் அதிகம்' என்பதே அது. இதன் முற்பாதியில் கசப்பான உண்மை உண்டு. பிற்பாதியை எம்மால் ஏற்க முடியவில்லை. 2006-07 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.3 பிள்ளைகள், பெருந்தோட்டத்துறையில் 2.5. பாடசாலை வாசலை மிதிக்காத பெண்கள் விகிதாசாரப்படி மிகக் கூடுதலாக உள்ள துறையில் வேறுபாடு இவ்வளவு சொற்பமாக இருப்பது எவ்வாறு?

பெற்றோரின் கல்வி உயர உயரப் பிள்ளைகளின் தொகை குறையும் என்பது உலகெங்கும் காணப்படும் பொதுப்போக்கு. இதில் கணவனின் படிப்பைவிட மனைவியின் படிப்பே வலுவாகச் செயற்படுகின்றது. கணவன் படித்தால் வருமானம் கூடும். அதனால் மட்டும் பிள்ளைகள் குறைவதில்லை, சில இடங்களில் கூடுவதும் உண்டு. பெண் படித்தாலோ திருமண வயது தள்ளிப்போகின்றது, கிளினிக்கில் சொல்லப்படுவது விளங்குகின்றது, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை பிறக்கின்றது. எனினும் கணவனின் படிப்பை ஒதுக்கிவிட இயலாது. பிள்ளைப்பேற்றைப் பின்போடுவது குறித்து மனைவி வாய்திறக்கும்போது செவிசாய்ப்பவனாக அவன் இருக்க வேண்டுமல்லவா?

மலையகத்தில் இந்தப் பொதுப்போக்கு வேலைசெய்ய இடமே தரப்படவில்லை. 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948 இல் குடியுரிமை பறிபோனது. ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோன அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதெல்லாம் 1970களிலும் அதன் பின்னருமே. பிள்ளைக்கு 'அரைப் பேர்' பதிந்து கூலி கிடைத்த காலத்தில் படிப்பு நட்டமாகவும் பிள்ளை வருமானமாகவும் தென்பட்டதில் வியப்பில்லை. பிறந்தவை பிழைக்கவும் இல்லை. 1970களின் நடுப்பகுதியில், உணவுத் தட்டுப்பாடு வாட்டிய வேளையில், தோட்டங்களில் சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது.

அப்படியாயின் பிறப்பைக் குறைத்தது எது? பெருமளவுக்குச் சத்திரசிகிச்சை. 1980களின் தொடக்கத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு உட்படுவோருக்கு அரசு 500 ரூபா வரை வழங்கியது. அன்றைய தோட்டக் கூலியோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையல்ல. மாத்திரை, ஊசி போன்ற தற்காலிக முறைகளை விளக்கிக் கூறாமல், இரண்டாம் மூன்றாம் பிள்ளையோடு பெண்கள் நிரந்தர முறைக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற முறைப்பாடு மலையகத்தில் நீண்டகாலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. ஆண்களுக்கான சத்திரசிகிச்சை எளிதானது என்றாலும் கத்தி பெரும்பாலும் பெண் மீதே பாய்ந்தது. தமிழ்நாட்டிலும் பெண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சையே முதன்மை வழி. அங்கு 2019-21 இல் சராசரி 1.8. அண்டையிலுள்ள கேரளமோ, பெண்கல்வி முன்னே செல்ல, அதே இடத்துக்கு முன்னரே சென்றடைந்தது. எண் ஒன்றாக இருக்கலாம். அது பெண்ணின் தீர்மானமா, அவளுக்காகப் பிறர் எடுத்த தீர்மானமா என்பதை எண் சொல்லாது.

முஸ்லிம் சமூகத்தைப் பற்றியும் இங்கு ஒரு வார்த்தை கூறவேண்டும். சராசரிப் பிள்ளைத்தொகை அங்கு ஏனையோரைவிடக் கூடுதல் என்பதைச் சிலர் மார்க்கத்தோடு முடிச்சுப் போடுகின்றனர். 1980களில் ஆறுக்கு மேலிருந்த ஈரானின் சராசரி 2000 ஆம் ஆண்டளவில் இரண்டை நெருங்கியதற்குப் பெண்கல்வியும் கிராமிய சுகாதார நிலையங்களும் முக்கிய காரணங்கள். இங்கோ பிள்ளைக் கணக்கு அரசியலாகி, உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தியை நம்பி 2018 பெப்ரவரியில் அம்பாறையில் பள்ளிவாசலைத் தாக்கும் அளவுக்குப் போனது.

உடப்புசல்லாவைப் பகுதியில் இன்று சாதாரண தரம் வரை படித்த பெண்பிள்ளை கொழுந்துக் கூடையைச் சுமக்க விரும்புவதில்லை; ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்புக் கடைக்கோ போகின்றாள். திருமணம் நாலைந்து ஆண்டுகள் தள்ளிப்போகின்றது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் எட்டும் தூரத்தில் இல்லாத தோட்டங்களிலோ அவளது தங்கை பதினாறு வயதில் படிப்பை நிறுத்துகின்றாள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அந்த வகுப்பறையின் தூரத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகின்றது.