சிறையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

அரசியல்வாதிகள் சிறைக்குப் போய் வந்து எம்.பி. ஆவது இந்தியாவில் சகஜம். சி.பி. மாத்தன் சிறைக்குப் போனது வங்கி நடத்தியதற்காக.

கொல்லத்தில் குயிலான் வங்கியைக் கட்டி எழுப்பியவர் மாத்தன். 1937இல் அது 'மலையாள மனோரமா' ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியோடு இணைந்தது. தென்னிந்தியாவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்று உருவானது. ஆயுள் ஓராண்டுதான்.

திருவனந்தபுரத்தில் அப்போது திவான், தமிழரான சர் சி.பி. ராமசாமி ஐயர். 1938இல் பொறுப்பாட்சி கேட்டுப் பிறந்த ஸ்டேட் காங்கிரஸுக்கு வங்கிக்காரர்கள் துணை நிற்பதாக அவர் சந்தேகித்தார். வதந்தி பரவியது. டெபாசிட்தாரர்கள் கிளைகளை மொய்த்தார்கள். மூன்றாண்டுக் குழந்தையான ரிசர்வ் வங்கி கைகொடுக்கவில்லை. அந்த ஜூனில் வங்கி கதவை மூடியது.

அக்டோபரில் மாத்தனும் மாம்மன் மாப்பிள்ளையும் சென்னையில் கைதானார்கள். திருவிதாங்கூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, விசாரணை, தண்டனை, சிறை. 'மனோரமா'வும் பூட்டப்பட்டது, ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் திறந்தது. வீழ்ந்த குடும்பத்தின் இளைய தலைமுறை சென்னையில் பிழைப்புத் தேடியது. மாம்மன் மாப்பிள்ளையின் மகன் 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப்.

திவான் பழிவாங்கினார் என்பது ஒரு தரப்பு. வங்கியின் கணக்கே பலவீனம் என்பது மறுதரப்பு. மாத்தன் தன் தரப்பைச் சுயசரிதையாக எழுதினார். 'நிறையவே தாங்கிவிட்டேன்' என்ற பொருள் தரும் தலைப்பில் 1951இல் அது வந்தது. சர் சி.பி. 1947இலேயே பதவி விலகிப் போய்விட்டார்.

மறு ஆண்டு முதல் பொதுத் தேர்தல். திருவல்லா தொகுதி மாத்தனை மக்களவைக்கு அனுப்பியது. திருவிதாங்கூர் அரசு மோசடிக்காரர் என்றது. திருவிதாங்கூர் மக்கள் எம்.பி. என்றார்கள். ஒரே தவணை, 1957 வரை. அதன்பின் சூடானுக்கு இந்தியத் தூதர்.

வாக்குச்சீட்டு மாத்தனின் மானத்தை மீட்டது. டெபாசிட்தாரரின் பணத்தை மீட்க அதனால் முடியாது. அந்தப் பாடத்தை நாடு மெதுவாகத்தான் படித்தது. இந்த வங்கி விழுந்த அதிர்ச்சியில் ரிசர்வ் வங்கி தனிச் சட்டம் கேட்டது. அது வந்தது 1949இல். டெபாசிட்டுக்குக் காப்பீடு 1962இல், கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கியும் விழுந்த பிறகு. இன்று ஐந்து லட்சம் வரை பாதுகாப்பு. 1938இல் வாசலில் நின்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.