டிராகன் காத்திருக்கட்டும்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு ஷிப்ட் வேலை. அடுத்து என்ன செய்வதென்று அங்கே லைன்தான் முடிவு செய்யும். ஸ்ரீபெரும்புதூர் அறைக்கு வந்து லேப்டாப்பில் ‘ஸ்கைரிம்’ திறந்தால், உலகை அழிக்க டிராகன் வந்திருக்கும். நான் பாட்டுக்கு விறகு பிளந்து விற்பேன். 2011இல் வந்த அந்த விளையாட்டு அவசரப்படுத்தாது. பட்டறையில் வாள் அடிக்க அடிக்கக் கொல்லுவேலை கைவரும். திருடி மாட்டினால் காவலன் அபராதம் கேட்பான்.

ஆனால் வேஷம் போட்டு ஆடும் இந்த மாதிரி விளையாட்டில், இஷ்டப்படி நடக்கும் சுதந்திரம் பாதிதான். மீதிப் பாதிக்கு, நாம் போட்ட வேஷத்தை எதிரில் இருப்பவர்களும் நம்பியாக வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்தில் கிரீடம் மரம்தான், ஆனாலும் துரியோதனன் வந்தால் கட்டியங்காரன் பணிவான். 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டு இதில் கெட்டி. அதில் வரும் பாத்திரங்கள் நம் வேஷத்தின் இனத்தையும் தொழிலையும் பார்த்தே பேசுவார்கள். ஸ்கைரிமிலோ, மந்திரம் அரைகுறையாகத் தெரிந்தவனும் விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரித் தலைவனாகிவிடலாம். ஒருத்தரும் ஏனென்று கேட்பதில்லை.