ஆறு குட்டிக்கும் ஆறு படம்!



"நாய்க்குட்டியை எல்லாம் ஒரு ஆளு போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பாங்களா?" போன கார்த்திகை மாதம் என் மாமியார் என்னைக் கேட்ட கேள்வி இது. அதே அத்தை இன்று என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூலி எங்கள் தெரு நாய். நாங்கள் வளர்க்கவில்லை, அவளாகவே எங்கள் வீட்டு வாசலைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாள். மிச்சம் மீதி சாதம் போடுவேன், அவ்வளவுதான் உறவு. கார்த்திகை அடைமழையில் ஒருநாள் ராத்திரி, மாடிப்படிக்கு அடியில் பழைய சாக்கின் மேல் படுத்து ஆறு குட்டிகள் போட்டு விட்டாள். மழையில் துரத்த மனசு வருமா? என் பழைய நூல் புடவை ஒன்றை விரித்துக் கொடுத்தேன்.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகளுக்குப் போனில் சொன்னதும் ஒரே கூச்சல். "அம்மா, தினமும் எனக்குப் போட்டோ அனுப்பணும், ஆமா!" என்று கட்டளை போட்டு விட்டாள். அவள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து எங்கள் போன் பேச்சு "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்து விடும். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று நானும் சரி என்றேன்.

முதல் படமே தப்பாகப் போயிற்று. இருட்டாக இருந்ததால் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் ஜூலி உறுமினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியை வாயில் கவ்விக் கொண்டு போய் மோட்டார் ரூமுக்குப் பின்னால், ஈரத் தரையில் வைத்து விட்டாள். இடம் பத்திரமில்லை என்று தோன்றினால் தாய் நாய் குட்டிகளை மாற்றிவிடுமாம். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக் கொள்ளத் தெரியாது. முதல் இரண்டு வாரம் தாயின் கதகதப்புதான் அதற்கு உயிர். என்னுடைய ஒரு படத்துக்காக அது அன்றைக்கு ஈரத்தில் கிடந்தது! நல்லவேளை, அவளே திரும்பக் கொண்டு வந்து விட்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சோறு மட்டும் வைத்து விட்டு வந்து விடுவேன்.

மூன்றாம் நாள் ஜூலியே வாலை ஆட்டினாள். அதன்பின் எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக் கொண்டேன். ஃபிளாஷ் கிடையாது. ஜூலி சாப்பிடப் போகும் நேரத்தில் மட்டும்தான் படம். ஒரு குட்டிக்கு ஒரு நிமிஷம், உடனே படுக்கையில் விட்டு விட வேண்டும். கையைக் கழுவி, துடைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கொண்டுதான் தொடுவேன்.

அதில் ஒரு சிக்கல். இரண்டு செவலைக் குட்டிகள் அச்சு அசல் ஒரே மாதிரி. எது எது என்று தெரியவில்லை. கழுத்தில் கலர் நூல் கட்டலாம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆனால் குட்டி நாளுக்கு நாள் பெருக்கும். நூல் இறுகினால் ஆபத்து. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றுக்கு மட்டும் வலது பின்னங்கால் விரல் நுனியில் வெள்ளை இருந்தது. நூலுக்கு வேலையில்லாமல் போயிற்று.

"எவ்வளவு பெரிசுன்னு தெரியலையேம்மா" என்று மகள் கேட்டதால், அரிசி அளக்கும் படியை எடுத்து வந்து படுக்க வைத்து, அதன் பக்கத்தில் குட்டியைப் போட்டு எடுத்தேன். தினமும் அதே புடவை, அதே படி. "அரிசி அளக்கிற படியை நாய்க்குப் பக்கத்துல வைக்கிறாளே" என்று அத்தை தலையில் அடித்துக் கொண்டார். (தேய்த்துக் கழுவிய பிறகும் அந்தப் படி சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. புதுப்படி வாங்கினோம்!)

அந்தப் படிதான் ஒரு உயிரைக் காப்பாற்றியது, தோழிகளே.

பதினோராம் நாள் ராத்திரி மகள் போன் செய்தாள். "அம்மா, எல்லாப் படத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். அஞ்சு குட்டியும் படியைத் தாண்டி வளர்ந்துடுச்சு. கடைசிக் குட்டி மட்டும் மொத நாள் இருந்த மாதிரியே இருக்கும்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் கையில் எடுக்கிற எனக்குத் தெரியாதது, எங்கேயோ இருக்கிற அவளுக்குப் படத்தில் தெரிந்திருக்கிறது. கூட்டமாகப் படுத்திருக்கும்போது எல்லாம் ஒன்றாகப் பால் குடிப்பது போலத்தான் இருந்தது.

கேக் செய்ய வாங்கி வைத்திருந்த எடை மெஷினில் நிறுத்துப் பார்த்தேன். மற்றவை எல்லாம் 600 கிராமை ஒட்டி இருந்தன. இது 310 கிராம். காலையில் முதல் வேலையாக, துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக் கொண்டு ஓடினேன். அவர் முதலில் அதன் வாயைத் திறந்து, மேல் அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "நாய்க்குட்டி பத்து நாள் வாக்கில் பிறந்த எடையைப் போல ரெண்டு பங்கு ஆகணும். இதை மத்த குட்டிங்க தள்ளி விட்டுடுது, வேற ஒண்ணும் இல்லை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காது" என்றார்.

அவர் சொன்னவற்றை உங்களுக்கும் உபயோகப்படும் என்று எழுதுகிறேன். குட்டி சில்லென்று இருந்தால் முதலில் பால் கொடுக்கக் கூடாது. சூடேற்றிய பிறகுதான் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். தாயின் பின்பக்கக் காம்புகளில்தான் பால் அதிகம். மற்ற குட்டிகளை விலக்கி விட்டு இதை அங்கே பிடித்துக் கொள்ள வேண்டும். போதாவிட்டால் பசும்பால் வேண்டாம். நாய்ப்பாலில் இருக்கிற கொழுப்பும் புரதமும் அதில் இல்லை. நாய்க்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது. புகட்டும்போது நம் குழந்தை மாதிரி மல்லாக்கப் போடவே கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்தபடிதான் குடிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், ராத்திரியிலும்! இரண்டாம் நாள் ராத்திரி அசதியில் அலாரம் அடித்தும் எனக்கு விழிப்பு வரவில்லை. பதறி எழுந்து ஓடினால், மாடிப்படிக்கு அடியில் விளக்கு எரிகிறது. அத்தை உட்கார்ந்திருக்கிறார்! தன் கம்பளியில் சுற்றி, குட்டியை ஜூலியின் மடியில் பிடித்துக் கொண்டிருக்கிறார். ஜூலி உறுமவே இல்லை. "நீ போய்ப் படும்மா, எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்றார். மறுநாள் 325 கிராம். அதற்கடுத்த நாள் 350. மற்ற குட்டிகளுக்குக் கண் திறந்து மூன்று நாள் கழித்து, பதினைந்தாம் நாள், இதுவும் கண்ணைத் திறந்தது. சாம்பல் நீலத்தில் மங்கலான அந்தக் கண்ணைத்தான் நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் என்பேன்.

குட்டிகள் நடக்க ஆரம்பித்ததும் வேறு கவலை வந்தது. ஆறும் எங்கே போகும்? இரண்டு ஆண், நாலு பெண். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஆறும் சேர்ந்திருக்கும் படத்தைப் போட்டேன். அன்றைக்கே இரண்டு ஆண் குட்டிகளுக்கும் ஆள் வந்து விட்டது. மற்றவற்றுக்கு ஒரே பதில்தான். "பொட்டையா? வேண்டாங்க."

எங்கள் ஊர் ராஜபாளையம். நாய்க்குப் பேர் போன ஊர். 2005-ஆம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டார்களே, அதில் எங்கள் ஊர் நாயும் உண்டு. அதனால் வந்தது ஒரு வம்பு. நாலு பெண்ணில் ஒன்று சுத்த வெள்ளை. தெரிந்தவர் ஒருவர், "மூக்கு தெரியாத மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க, ராஜபாளையம்னு சொல்லி வெளியூர்ல நல்ல விலைக்கு வித்துடலாம்" என்றார். ராஜபாளையத்துக்கு மூக்கு ரோஸ் நிறம். எங்கள் குட்டிக்குக் கறுப்பு மூக்கு. விற்று விடலாம், சரி. நாளைக்கு உண்மை தெரிந்ததும் அவர்கள் அதை எந்த ரோட்டில் இறக்கி விடுவார்களோ? அன்று சாயங்காலமே அந்தக் கறுப்பு மூக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி, கிட்டே போய் ஒரு படம் எடுத்தேன்.

கூட்டப் படத்தில் எல்லாம் வெறும் குட்டிகள்தான். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்க முடிவு செய்தேன். என் கல்யாணத்தின்போது, 2003-ல், ஃபிலிம் ரோல்தான். ஒரு ரோலுக்கு 36 படம், எண்ணி எண்ணி எடுப்பார்கள். இப்போது செல்போனில் ஐம்பது எடுத்து ஒன்றை வைத்துக் கொள்ளலாம். நான் பட்டுத் தெரிந்து கொண்டவை இவை: நின்றபடி எடுத்தால் முதுகுதான் தெரியும், தரையில் குப்புறப் படுத்து, குட்டியின் கண் மட்டத்தில் போனைப் பிடிக்க வேண்டும் (முட்டி வலிக்கும், பரவாயில்லை). காலை எட்டு மணி வாக்கில் ஜன்னல் பக்க வெளிச்சம் நல்லது. வெயில் சுள்ளென்று விழுந்தால் ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி விடுங்கள். பிறந்தவுடன் காதும் மூடித்தான் இருக்கும். மூன்று வாரம் ஆனபின் சாவிக்கொத்தைக் குலுக்கினால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அந்த ஒரு நொடிதான் படம்!

கறுப்புக் குட்டிதான் படாத பாடு படுத்தியது. எப்படி எடுத்தாலும் கரித்துண்டு மாதிரி விழும். கண் எது, மூக்கு எது என்றே தெரியாது. சாக்கை எடுத்து விட்டு வெளிர் நிறப் போர்வையை விரித்து, முகம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்து, போனில் அதன் முகத்தின் மேல் விரலால் தொட்டு எடுத்த பிறகுதான் அதன் கண் இரண்டும் மின்னின.

ஒவ்வொரு படத்தோடும் மூன்று வரி எழுதினேன். "பெண் குட்டி, நாட்டு நாய். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, முதல் தடுப்பூசி போட்டுத்தான் தருவோம். ஆறு மாசம் ஆனதும் கருத்தடை ஆபரேஷனுக்கு நானே கூட வருகிறேன்." அப்புறம் அதன் குணம்: ஒன்று முதலில் ஓடி வரும், ஒன்று மற்றவை சாப்பிட்டபின் வரும், ஒன்று செருப்பைத் தூக்கும்.

நான் எழுதுவதைப் பார்த்துக் கொண்டிருந்த அத்தை, "நானும் எங்க வீட்டுல நாலாவது பொண்ணு" என்றார் திடீரென்று. "எங்கண்ணனைச் சின்ன வயசுல ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்திருக்காங்க. எனக்குக் கல்யாணத்துல எடுத்ததுதான் மொதப் படம். நான் சின்னப் புள்ளையில எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது." கோபமோ குறையோ இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தனிப்படங்கள் போட்டதும் பதில்களும் மாறின. செவலையை ஒரு ரிடையர்டு டீச்சரம்மா கேட்டார். கறுப்பு மூக்கு வெள்ளை, பஞ்சாலைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு. "மத்ததெல்லாம் சாப்பிட்டப்புறம் வரும்னு எழுதியிருந்தீங்களே, அது எங்கே?" என்று கறுப்பியைத் தேடி வந்தார் தையல்கடை அக்கா. எட்டு வாரம் நிறைந்த பிறகுதான் யாருக்கும் கொடுத்தேன். அதுவரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருந்தால்தான் அவை கடிக்காமல் விளையாடக் கற்றுக் கொள்ளும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பால் வற்றியதும் ஜூலிக்கும் ஆபரேஷன் செய்தாயிற்று.

நாலாவது பெண் எங்கே என்று கேட்கிறீர்களா? அந்த 310 கிராம் குட்டியைப் பார்க்க வந்தவர்களிடம், "அது குடுக்கிறதுக்கு இல்லை" என்று அத்தை வாசலிலேயே சொல்லி அனுப்பி விட்டார். இப்போது அது அவர் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குகிறது.

போன வாரம் அத்தை என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடேன்" என்றார். நல்ல புடவை உடுத்தி, பூ வைத்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடியில் குட்டியை வைத்துக் கொண்டார். நான் தரையில் படுத்து எடுத்தேன். பிரிண்ட் போட்டுச் சட்டம் போட்டு, அவர் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே மாட்டி வைத்திருக்கிறார்.

தோழிகளே, உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் ஒரு ஜூலி வந்து படுக்கலாம். துரத்துவதற்கு முன் ஒரு படியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் தனியாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அப்புறம் துரத்த மனசு வராது!

– ஒரு வாசகி, ராஜபாளையம்.