உத்திரம் ஏன் நகர்கிறது?

சிவகங்கைச் சீமையில் பங்குனி என்றாலே திருவிழாதான். தாயமங்கலம் முத்துமாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் 29ஐ ஒட்டிக் கொடியேறும். குன்றக்குடிப் பங்குனி உத்திரமோ 2024இல் மார்ச் 25. 2025இல் ஏப்ரல் 11! ஏன் இப்படி?

தாயமங்கலத்துக்குப் பார்ப்பது தமிழ்த் தேதி. அது சூரியனின் கணக்கு. உத்திரம் சந்திரனின் கணக்கு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்டு மீண்டும் அதையே அடைய ஏறக்குறைய 27.3 நாட்கள் ஆகின்றன. 13 சுற்றுக்கு 355 நாட்கள். ஆகவே உத்திரம் ஆண்டுக்குப் பத்து நாள் முந்திக்கொள்ளும். அப்படியே விட்டால் மாசிக்குள் போய்விடுமல்லவா?

2025இல் நடந்தது அதுதான். 13ஆவது சுற்றில் உத்திரம், மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வாசலில் வந்து நின்றது. பௌர்ணமியோ மாசியிலேயே கழிந்துவிட்டது. எனவே அடுத்த சுற்றில் விழா. 14 சுற்றுக்கு 382 நாட்கள். 2024 மார்ச் 25இலிருந்து எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

மாதத்தையே சந்திரனைக் கொண்டு எண்ணும் தெலுங்கருக்கு இந்த வழி போதாது. சுமார் 32 மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மாதத்தையே கூடுதலாகச் சேர்க்கிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து தாயமங்கலத்துக்கு வருபவர் அடுத்த ஆண்டு விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம். குன்றக்குடிக்குக் காவடி நேர்ந்துகொண்டவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிய பிறகே பயணச்சீட்டு வாங்கவேண்டும்.