காரம் தீர்ந்த சவுக்காரம்

காங்கேயம் பக்கம் எங்கள் ஊரில் கொப்பரைக் களங்கள் அதிகம். வெயில் காலத்தில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசனை தெரு முழுக்க நிற்கும். அந்த வாசனையிலேயே வளர்ந்த எனக்கு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் வீட்டிலேயே குளியல் சோப்பு செய்ய வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக இருந்தது. ஒருநாள் எண்ணெய், தராசு, காஸ்டிக் சோடா டப்பா எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்து வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: "சவுக்காரம்னாலே காரந்தான கண்ணு, கை வெந்து போயிராதா?"

பெரியம்மா வேதியியல் படித்தவர் இல்லை. ஆனாலும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். நம் பாட்டிமார் சோப்பைச் சவுக்காரம் என்றார்கள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் சவர்க்காரம் என்கிறார்கள். காரம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. காரம் இல்லாமல் சோப்பு பிறக்காது. முறையாகச் செய்த சோப்பில் காரம் மிஞ்சாது. வீட்டில் சோப்பு செய்யப் பழகுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'கெமிக்கல் இல்லாத சோப்பு' என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். எண்ணெயும் காரமும் வினைபுரிந்தால்தான் அது சோப்பு. ஒரு நாள் பயிற்சி வகுப்புகள் பலவற்றில், கடையில் வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து, அச்சில் ஊற்றக் கற்றுத் தருகிறார்கள். அழகான கைவேலைதான். ஆனால், அந்தக் கட்டிக்குள் காரத்தின் வேலையைத் தொழிற்சாலை முன்பே முடித்து அனுப்பிவிட்டது. எண்ணெயிலிருந்து நாமே தொடங்குவதைத்தான் 'கோல்டு ப்ராசஸ்' என்கிறார்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதில்லை. வினையில் தானாக எழும் சூடே போதும்.

எண்ணெய் எப்படிச் சோப்பாகிறது?

எந்த எண்ணெயை எடுத்தாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். ஒரு கிளிசரின், மூன்று கொழுப்பு அமிலங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, அந்தப் பிடியை விடுவிக்கிறது. விடுபட்ட அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகின்றன. கிளிசரின் தனியாக நிற்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரேல் கொழுப்புகளின் இந்த அமைப்பை ஆராய்ந்து 1823-ல் புத்தகமாக வெளியிட்டார். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்த ஒன்றுக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது.

பெரிய ஆலைகளில் இந்தக் கிளிசரினைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துத் தனியாக விற்றுவிடுகிறார்கள். வீட்டுச் சோப்பில் அது முழுவதும் சோப்புக்குள்ளேயே தங்குகிறது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது கிளிசரினின் குணம். கையால் செய்த சோப்பில் குளித்தபின் தோல் இழுக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய்க்கு எண்ணெய் கொழுப்பு அமிலம் மாறும். சோப்பின் குணமும் மாறும். தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் மிகுதி. கட்டி கெட்டியாக வரும், நுரை பொங்கும், உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். ஆனால், அது மட்டுமே இருந்தால் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் துடைத்தெடுத்துவிடும். நல்லெண்ணெய் அந்த வேகத்தைத் தணிக்கும். விளக்கெண்ணெய் சிறிதளவு சேர்த்தால் நுரை சீக்கிரம் அடங்காமல் நிற்கும். மூன்றும் நம் வீட்டு எண்ணெய்கள் என்பதால் இவற்றிலிருந்தே தொடங்கலாம்.

டம்ளர் கணக்கு உதவாது

சாம்பாருக்குக் கண்ணளவு போதும். சோப்புக்கு ஒரு கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு இல்லாமல் இறங்கவே கூடாது. எண்ணெய், தண்ணீர், காரம் எல்லாமே எடையில்தான்.

ஒவ்வோர் எண்ணெயும் முழுமையாகச் சோப்பாக இவ்வளவு காரம் வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134 கிராம், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. ஆகவே ஓர் எண்ணெய்க்குப் பதில் வேறோர் எண்ணெயைச் சேர்த்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

தொடக்கக்காரர்களுக்கு அரைக் கிலோ எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். இவற்றுக்குத் தேவையான காரம் 54.9, 20.1, 6.4 என வந்து, மொத்தம் 81.4 கிராம். இதை அப்படியே போடக் கூடாது. எட்டு சதவீதம் குறைத்து 75 கிராம்தான் எடுக்க வேண்டும். அப்போது கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் மிஞ்சும், காரம் மிஞ்சாது. இதை 'சூப்பர்ஃபேட்' என்பார்கள். தோலுக்கு மென்மை தருவதும், எடையில் சிறு பிசகு வந்தால் காப்பதும் இந்த மிச்சம்தான்.

என் முதல் சோப்பு கெட்டது இந்த இடத்தில். காரத்தைக் கிராமில் நிறுத்தேன். எண்ணெயை மட்டும் மில்லியில் அளந்து ஊற்றினேன். 500 மில்லி எண்ணெயின் எடை ஏறத்தாழ 460 கிராம்தான். பாதுகாப்புக்காக விட்டிருந்த எட்டு சதவீதம் அங்கேயே கரைந்துவிட்டது. அதற்கு மேல் காரத்தை நிறுத்தபோது 'இருக்கட்டும்' என்று இரண்டு கிராம் கூடுதலாகவும் விட்டிருந்தேன். மறுநாள் கட்டி வெள்ளை வெளேரென்று, தொட்டால் பொடியும் நிலையில் நின்றது. அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஆனால், எடை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கட்டிதான்.

காரத்தின் முன்னால்

சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியை வாங்கிச் சோப்பு செய்யாதீர்கள். அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம். லேப் கெமிக்கல் கடைகளில் தரம் குறித்து எழுதிய சோடியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் இறுக மூடி வையுங்கள். கட்டிதட்டிப் போனதை நிறுத்தால் அதில் ஒரு பங்கு ஈரத்தின் எடையாக இருக்கும், கணக்கு தப்பும்.

கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடம் வேண்டும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது சூடு தாங்கும் கெட்டி பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரிக்கும். தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சோப்புக்கென்று எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. காரக் கரைசலைச் சொம்பிலோ டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். தாகத்தில் வருகிறவர் எடுத்துக் குடித்துவிடுவார்.

தோலிலோ கண்ணிலோ தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தேய்க்காதீர்கள். காரமும் அமிலமும் சேரும்போது சூடு எழும், நேரமும் வீணாகும். கண்ணில் பட்டாலோ, யாராவது விழுங்கிவிட்டாலோ, உடனே மருத்துவமனை. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போகும்போது எரித்த காரம் திரும்பி வரும்போதும் எரிக்கும்.

மாக்கோலம் நிற்கும் பதம்

குளிர்ந்த சுத்தமான தண்ணீர் 150 கிராம் எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சீறும். இந்த வரிசை எந்நாளும் மாறக் கூடாது. கலக்கும்போது கரைசல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். ஆவி நெடி அடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்து, கரைந்ததும் ஆறவிடுங்கள்.

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் இளஞ்சூட்டில் உருக்கி, மற்ற எண்ணெய்களோடு கலந்துகொள்ளுங்கள். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்கு வந்ததும், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் விட்டுவிட்டுக் கடையுங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் காற்றுக் குமிழி புகும். கையால் கலக்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிளெண்டரில் சில நிமிடம்.

முதலில் எண்ணெய் தனியே மினுங்கும். பிறகு கலவை மங்கி, மோர்க்குழம்புப் பதத்துக்கு வரும். கரண்டியில் எடுத்து மேலே ஒரு கோடு விட்டுப் பாருங்கள். ஈரத் தரையில் இழுத்த மாக்கோலம் போல அந்தக் கோடு அழியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. 'ட்ரேஸ்' என்று சோப்பு செய்பவர்கள் சொல்வது இதைத்தான். இனி எண்ணெயும் காரமும் பிரியாது. அச்சில் ஊற்றலாம். சிலிக்கான் அச்சு இல்லையென்றால் பட்டர் பேப்பர் விரித்த அட்டைப் பெட்டி போதும். மேலே துண்டால் மூடி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் மிகுந்த சோப்பு வேகமாக இறுகும். மறுநாள் காலையிலேயே, கையுறையோடு, துண்டு போடுங்கள். இரண்டு நாள் விட்டால் கத்தி வைத்த இடத்தில் நொறுங்கும். பாத்திரங்களை உடனே கழுவ அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் பத்திரமாக ஒதுக்கி வைத்தால் ஒட்டியிருப்பதும் சோப்பாகிவிடும், கழுவுவது எளிது.

பொறுமையும் ஒரு சேர்மானம்

ஒன்றிரண்டு நாளில் வினை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனாலும் சோப்பு தயாரில்லை. நான்கு முதல் ஆறு வாரம் நிழலில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி வைக்க வேண்டும். மிச்சத் தண்ணீர் வற்றி, கட்டி இறுகும். அப்போதுதான் குளியலறையில் கரைந்து ஒழுகாமல் நாள்பட வரும். ஒரு துண்டை வாரம்தோறும் நிறுத்து நோட்டில் எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றால் சோப்பு காய்ந்துவிட்டது என்று பொருள். கடலோர ஊர்களிலும் ஐப்பசி மழையிலும் மேலே முத்து முத்தாக வியர்க்கும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, பயப்பட வேண்டாம்.

முதல் தடவை நிறமும் மணமும் இல்லாமல் செய்து பழகுங்கள். பிறகு ஆசைப்பட்டதைச் சேர்க்கலாம். மஞ்சள் போட்டால் கலவை சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரத்தின் வேலைதான். நாள்பட அது காவியாக மங்கும். பச்சை இலையை அரைத்துப் போட்டால் சில வாரங்களில் பழுப்பாகும். காய்ந்த வெட்டிவேர்ப் பொடி, சந்தனப் பொடி எனில் அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஆட்டுப்பால் சோப்பு செய்வதானால் பாலை ஐஸ்கட்டியாக உறையவைத்து அதில் காரத்தைத் தூவ வேண்டும்; இல்லையென்றால் பால் கருகும். பழைய எண்ணெய் வேண்டவே வேண்டாம். சிக்கு வாடை அடிப்பதும், ஆரஞ்சுப் புள்ளிகள் விழுவதும் அதனால்தான்.

கொஞ்சம் கை தேறியதும் விற்கும் எண்ணம் வரும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, தயாரித்து விற்க மாநில உரிமம் வேண்டும். தோல் நோய் தீரும் என்று உறையில் எழுதாதீர்கள். ஒரு நிமிடம் தோலில் இருந்து கழுவப்படும் பொருள் அது. அழுக்கை நீக்குவதும், தோலை வறட்டாமல் விடுவதும்தான் அதன் வேலை. அதை நன்றாகச் செய்தாலே போதும்.

இரண்டாவது முறை எல்லாவற்றையும் கிராமில் நிறுத்துச் செய்தேன். ஏழு துண்டுகள் வந்தன. நான்கு வாரம் நோட்டில் எடை எழுதினேன். ஐந்தாவது வாரம் எடை அசையவில்லை. ஈர விரலால் சோப்பைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்தேன். காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரி முனையைத் தொட்டது போலச் சுரீரென்று இழுக்கும். சோப்பு ருசி மட்டும்தான் வந்தது.

முதல் துண்டைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். தொட்டித் தண்ணீரில் கை நனைத்துத் தேய்த்தார். நுரை வந்தது. கழுவித் துடைத்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காரம் எங்க போச்சு கண்ணு?" என்றார்.

"எண்ணெயோட சேர்ந்து நுரையாயிருச்சு பெரியம்மா" என்றேன்.