டிராக்டரின் சாவிச் சுவிட்சு: பழுதும் பரிகாரமும்

கூட்டுறவுச் சங்கமொன்றைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளன் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் புரட்டுவது வழக்கம். சங்கத்துக் கொட்டகையில் நிற்கும் டிராக்டரைக் குனிந்து பார்ப்பது அவனுடைய வேலையென்று எவரும் கருதுவதில்லை, நானும் கருதியதில்லை. 2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஈரோடு மாவட்டத்துக் கிராமச் சங்கமொன்றில் நான் நேரில் கண்ட நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. அதனால் நான் அறிந்துகொண்டவற்றை நமது அங்கத்தினர்கள் முன் வைப்பது கடமையென்று எண்ணி இக்கட்டுரையை எழுதலானேன்.

நேரில் கண்டது

அச்சங்கத்திற்குச் சொந்தமான சிறு டீசல் டிராக்டர் ஒன்று உண்டு. தென்னந்தோப்புகளில் மரங்களுக்கிடையே உழவும், சிறு நிலங்களைப் பண்படுத்தவும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்பட்டு வந்தது. மஞ்சள் நடவுக்கு நிலம் தயார் செய்யும் பருவமாதலால் அன்று காலை மூன்று அங்கத்தினர்கள் முறை வைத்துக் காத்திருந்தனர்.

ஓட்டுநர் இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர். அவர் ஆசனத்தில் ஏறவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து நீண்டதொரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று, ஸ்டார்ட்டர் மோட்டாரை நோக்கிக் கையை நீட்டினார். என்ன செய்கிறீர் என்று வினவினேன்.

“சாவி வேலை செய்யறதில்லைங்க ஐயா. மூணு வாரமா டைரக்ட் குடுத்துத்தான் எடுக்கறேன். பழகிப் போச்சுங்க” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. திருப்புளி இரு முனைகளையும் தொட்டது, எஞ்சின் உறுமிற்று, டிராக்டர் முன்னே பாய்ந்தது. கைப்பிரேக்கு தளர்ந்திருந்தமையால் முந்தின நாள் மாலை வண்டியை எவரோ கியரில் வைத்து நிறுத்தியிருந்தனர். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் இளைஞரின் தோளைப் பற்றி இழுத்திராவிட்டால் பின்சக்கரம் அவர் மீதே ஏறியிருக்கும். அவ்வளவு விரைந்து இழுத்தும் ஒரு பாதம் சிக்கிக்கொண்டது. இரண்டு விரல்களின் எலும்பு முறிந்தது. ஆளின்றி ஓடிய டிராக்டர் வேப்பமரம் ஒன்றில் முட்டி நின்றது.

இவ்வளவுக்கும் காரணம் சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள ஒரு சுவிட்சு. அதை ஏன் மூன்று வாரமாக மாற்றவில்லை என்பதைக் கட்டுரையின் இறுதியில் கூறுவேன். முதலில் சுவிட்சைப் பற்றி அறிவோம்.

டீசல் எஞ்சினில் இதன் வேலை யாது?

சாவிச் சுவிட்சைப் பலரும் இக்னீஷன் சுவிட்சு என்றே அழைக்கின்றனர். பெட்ரோல் எஞ்சினுக்கு அப்பெயர் பொருந்தும். அங்கே மின்பொறியே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் மின்பொறிக்கு இடமில்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படும்பொழுது அதன் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்லும். அவ்வெப்பத்தில் பீய்ச்சப்படும் டீசல் தானே தீப்பற்றிக்கொள்ளும்.

ஆயின் சாவிக்கு என்ன வேலை? பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைத் தேவையான இடத்திற்குத் தேவையான சமயத்தில் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை. ‘ஆன்’ நிலையில் எண்ணெய் அழுத்த விளக்கு, சார்ஜ் விளக்கு முதலியவற்றிற்கு மின்சாரம் செல்லும். ஹீட்டர் நிலையில் எஞ்சினின் உள்ளறையிலுள்ள ஹீட்டர் பிளக்குகள் பழுக்கக் காயும். சிறு எஞ்சின்களில் அமுக்கப்பட்ட காற்றின் வெப்பம் அறைச் சுவர் வழியாக விரைவில் கசிந்துவிடுவதால் குளிர்ந்த வேளையில் இவ்வுதவி வேண்டியிருக்கிறது. ‘ஸ்டார்ட்’ நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் கட்டளை செல்லும். கையை எடுத்தவுடன் உள்ளேயிருக்கும் வில் சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பிவிடும்.

ஸ்டார்ட் கட்டளை நேரே ஸ்டார்ட்டருக்குச் செல்வதில்லை. பெரும்பாலான டிராக்டர்களில் கியர் நடுநிலையில் இருந்தாலோ, கிளட்சு மிதிக்கப்பட்டிருந்தாலோ மட்டும் வழிவிடும் காவல் சுவிட்சு ஒன்று இடையில் உண்டு. திருப்புளியால் டைரக்ட் கொடுப்பவர் அந்தக் காவலைத் தாண்டிப் போய்விடுகிறார். இழுத்து நிறுத்தும் கைப்பிடியுள்ள டிராக்டர்களில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் பாய்ந்துகொண்டே இருக்குமாதலால், ஸ்டார்ட்டர் சுழன்றவுடன் எஞ்சின் உயிர் பெற்றுவிடும். கியரில் இருந்தால் புறப்பட்டும் விடும். ஆசனத்தில் எவரும் இல்லை. தரையில் நிற்பவரோ சக்கரத்தின் பாதையில் நிற்கிறார்.

பழுது சுவிட்சில்தானா?

எஞ்சின் கிளம்பவில்லை என்றதும் சுவிட்சைக் கழற்றுவது வீண் செலவுக்கு வழி. முதலில் பாட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா, இணைப்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் குறை பாட்டரியிடமே.

அடுத்து, முன்விளக்கை ஏற்றிவிட்டுச் சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்புக. விளக்கு மங்கி அணையும் நிலைக்கு வந்தால் பாட்டரியோ, தடித்த கம்பியின் இணைப்போ, ஸ்டார்ட்டரோ பழுது. விளக்கு மங்காமல் எரிந்து, ஸ்டார்ட்டர் பக்கம் ‘டக்’கென்ற ஓசையும் எழாவிட்டால், கட்டளை செல்லும் வழியில் தடை இருக்கிறது என்று கொள்க. சில டிராக்டர்களில் ஸ்டார்ட் நிலையில் விளக்கு தானே அணையுமாறு அமைத்திருப்பார்கள். அங்கே சோதனை விளக்கே துணை.

12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்தால் சோதனை விளக்கு தயார். ஒரு கம்பியை எஞ்சினின் வர்ணமற்ற உலோகப் பகுதியில் பொருத்தி, மற்றதைச் சுவிட்சின் பின்புற முனைகளில் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். முனைகளின் அருகே ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும்: பி என்பது பாட்டரி, ஏசி ஓட்டம், ஜி ஹீட்டர், எஸ்டி ஸ்டார்ட்டர். சிலவற்றில் ஜெர்மானியத் தரமுறைப்படி எண்கள் இருக்கும்: 30 பாட்டரி, 15 ஓட்டம், 19 ஹீட்டர், 50 ஸ்டார்ட்டர்.

பாட்டரி முனையில் விளக்கு எப்பொழுதும் எரிய வேண்டும். எரியாவிட்டால் பியூஸையும் கம்பியையும் பாருங்கள். சுவிட்சின் மீது குற்றமில்லை. பின்னர் ஸ்டார்ட்டர் முனையிலுள்ள கம்பியை உருவிவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, சாவியை முழுதும் திருப்புக. அம்முனையில் விளக்கு எரிந்தால் சுவிட்சு நலம். காவல் சுவிட்சையும் அதற்கப்பாலுள்ள கம்பியையும் ஆராய்க. எரியாவிட்டாலோ, சாவியை அசைக்கும்பொழுது மட்டும் எரிந்து அணைந்தாலோ, சுவிட்சு தேய்ந்துவிட்டது என்பது உறுதி.

மற்றோர் அறிகுறியும் உண்டு. கையை எடுத்த பின்னும் சாவி ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிட்டால் வில் இற்றுவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓட, ஸ்டார்ட்டரும் விடாமல் சுழன்று எரிந்துபோகும். அத்தகைய சுவிட்சை ஒரு நாளும் வைத்திருக்கலாகாது.

மாற்றும் முறை

1. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்திக் கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை வைத்து, சாவியை எடுத்துவிடுக.

2. பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுக. அது இணைந்திருக்கையில் நேர்முனையில் ஸ்பானரை வைத்தால், ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்ட மாத்திரத்தில் பெருந்தீப்பொறி பறக்கும்.

3. கம்பிகளைக் கழற்றுமுன் எந்த முனையில் எந்தக் கம்பி என்பதைக் காகிதத்தில் வரைந்துகொள்க. கைப்பேசியில் படம் எடுத்தாலும் நன்றே. ஒவ்வொரு கம்பியிலும் சிறு துணிப்பட்டை கட்டி எழுத்தைக் குறித்துவிடுவது இன்னும் நன்று. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்த நிறத்தில் இணைத்திருக்கக் கூடும்.

4. முகப்புப் பலகையில் சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள மரையைத் தளர்த்திச் சுவிட்சைப் பின்புறமாக எடுக்கவும்.

5. புதிய சுவிட்சு டிராக்டரின் மாதிரிக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஒரு ஹீட்டர் பிளக் சுமார் 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். மூன்று உருளை எஞ்சினில் 30 ஆம்பியர். சில சிறு டிராக்டர்களில் இவ்வளவும் சாவிச் சுவிட்சின் வழியாகவே பாயும். விலை மலிவென்று வேறு வண்டியின் சுவிட்சை வாங்கிப் பொருத்தினால் அது உருகிப்போகும்.

6. கம்பி நுனிகளில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துலக்குக. தளர்ந்த கவ்விகளை இறுக்குக. புதிய சுவிட்சின் முனைகள் பழையதன் வரிசையில் இருக்குமென்பதில்லை. எழுத்தைப் பார்த்தே இணைக்கவும்.

7. சுவிட்சு சுழலாதவாறு அதன் பள்ளத்தைத் துவாரத்தின் பள்ளத்தோடு பொருத்தி மரையை அளவாக முடுக்குக. பாட்டரியில் நேர்முனையை முதலிலும் எதிர்முனையை இறுதியிலும் இணைக்கவும்.

சோதித்துப் பார்த்தல்

ஆசனத்தில் அமர்ந்தே சோதிக்க வேண்டும். ‘ஆன்’ நிலையில் எண்ணெய் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிதல் வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் இரண்டும் அணைதல் வேண்டும். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் சுழற்றாமல், மறு முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது ஓய்வு கொடுக்கவும். கையை எடுத்ததும் சாவி தானே திரும்புகிறதா என்று கவனிக்கவும். கடைசியாக, எதிரே எவரும் இல்லாதபொழுது பிரேக்கை நன்கு மிதித்துக்கொண்டு, காவல் சுவிட்சு தடுக்க வேண்டிய நிலையில் தடுக்கிறதா என்பதையும் ஒரு கணம் திருப்பிப் பார்த்துவிடுக. இவ்வளவும் ஒரு மணி நேர வேலை.

புதிய சுவிட்சு நீடிக்க வேண்டுமாயின், வண்டியைக் கழுவும்பொழுது முகப்புப் பலகையில் நீரைப் பீய்ச்சலாகாது. கொட்டகைச் சாவி, வீட்டுச் சாவி யாவற்றையும் ஒரே கொத்தாகத் தொங்கவிட்டால், அதன் கனமும் ஆட்டமும் சுவிட்சின் உள்ளுறுப்புகளைத் தேய்த்துவிடும்.

ஏன் மாற்றவில்லை?

ஒரு மணி நேர வேலையை மூன்று வாரம் ஒத்திவைத்தது ஏன் என்று அன்று மாலை சங்கத்தின் காரியதரிசியைக் கேட்டேன். சற்றுக் கடுமையாகவே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பதிலொன்றும் கூறாமல் முந்தைய ஆண்டின் பார்வைக் குறிப்பை எடுத்து என் முன்னே விரித்தார். விசிறி பெல்ட் ஒன்று அறுந்தபொழுது, விலைப்புள்ளி பெறாமலும் நிர்வாகக் குழுவின் அனுமதியில்லாமலும் அவர் உடனே வாங்கிவிட்டது ஒழுங்கன்று என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

“அதுக்கப்புறம் தீர்மானம் இல்லாம ஒரு ஆணி கூட வாங்கறதில்லைங்க ஐயா” என்றார். சுவிட்சு வாங்கும் விஷயத்தைக் குழுவின் கூட்டத்தில் வைத்திருந்தார். போதிய அங்கத்தினர் வராமையால் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. டிராக்டரை நிறுத்தினால் நடவு தவறும். ஆகவே இளைஞர் திருப்புளியைக் கையிலெடுத்தார்.

நான் எழுதிய குறிப்பு பிழையன்று. சங்கத்தின் பணம் பொதுப்பணம். அதற்கு முறை வேண்டும். ஆனால் அவசரச் செலவுக்கு எது முறை என்று எழுதாமல் குற்றத்தை மட்டும் எழுதிவிட்டு வந்தது என் பிழை. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அப்பொழுதே முடிச்சிடுகிறார். அதற்குரிய நூலும் அவர் கையெட்டும் இடத்தில் இருக்கிறது. இயந்திரம் வைத்திருக்கும் சங்கமும் அவ்வாறே இருத்தல் வேண்டும் அல்லவா?

சங்கங்கள் செய்ய வேண்டியவை

அன்றைய பார்வைக் குறிப்பில் நான் பரிந்துரைத்தவற்றை ஏனைய சங்கங்களும் பரிசீலிக்கலாம். சிறு உதிரிப்பாகங்கள் வாங்குவதற்கென்று ஒரு தொகையை நிரந்தர முன்பணமாகக் காரியதரிசியிடம் வைத்துக்கொள்ளக் குழு முன்கூட்டியே தீர்மானம் இயற்றி, பற்றுச்சீட்டுகளை அடுத்த கூட்டத்தில் பார்த்து அங்கீகரிக்க வேண்டும். பியூஸ், பெல்ட், சாவிச் சுவிட்சு போன்றவை ஒவ்வொன்று இருப்பில் இருத்தல் நலம். டிராக்டருக்கென்று தனிப் பதிவேடு வைத்து, ஓட்டுநர் நாள்தோறும் கண்ட குறைகளை அதில் எழுத வேண்டும். அப்பதிவேட்டைப் பார்க்காமல் ஆய்வாளர் கையெழுத்திடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, தரையில் நின்று எஞ்சினைக் கிளப்புவது எக்காரணம் கொண்டும் கூடாது என்பதைக் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அந்த இளைஞர் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. காத்திருந்த மூவரும் வெளியாரிடம் கூடுதல் வாடகை கொடுத்து உழுதனர். பிறகு நான் அங்கு சென்றபொழுது அவர் ஆசனத்தில் அமர்ந்து சாவியைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினார். இறங்கி வருகையில் சற்றே நொண்டினார். அவரைக் கண்டதும் நான் முதலில் கேட்டது பேரேட்டையன்று, டிராக்டரின் பதிவேட்டைத்தான். உங்கள் சங்கத்திற்கு ஆய்வாளர் வரும்பொழுது அவர் கேட்காவிட்டாலும், அங்கத்தினர்களாகிய நீங்கள் அப்பதிவேட்டை எடுத்து அவர் முன் வையுங்கள்.