இருபது ஆண்டாக வரும் இரயில்

தென்னாட்டில் முதல் இரயில் ஓடியது 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். இராயபுரத்தில் புறப்பட்டது, திருவள்ளூரைக் கடந்தது, அரக்கோணத்தைக் கடந்தது, வாலாஜா ரோடு போய்ச் சேர்ந்தது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடக்கே ஒரு பாதை பிரிந்தது. அது திருத்தணியைத் தொட்டது, நகரியைத் தொட்டது, ரேணிகுண்டாவுக்குப் போயிற்று. நடுவே மேற்கில் ஒதுங்கிக் கிடந்த பொதட்டூர்பேட்டையை மட்டும் அன்றும் எந்தப் பாதையும் தொடவில்லை, இன்றும் தொடவில்லை. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு, தோழர்களே! வெள்ளைக்காரன் ஆண்டான், காங்கிரஸ் ஆண்டது, கழகங்கள் ஆண்டன. இந்த ஊர்க்காரன் இரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னமும் பஸ் ஏறித்தான் போகவேண்டும்.

ஊர் சிறியது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு - இந்த வட்டாரம் முழுதும் தறிச் சத்தம். முன்னே கைத்தறி, இன்று பெரும்பாலும் விசைத்தறி. நூல் வெளியிலிருந்து வரவேண்டும். நெய்த துணி வெளியே போகவேண்டும். வருவதும் போவதும் லாரியில். லாரி வாடகை ஏறினால் அது யார் தலையில் விடிகிறது? நூல் வியாபாரி தன் பங்கை விடமாட்டான். துணி வாங்குகிறவன் விலையை ஏற்றித் தரமாட்டான். கடைசியில் கூலி பேசும்போது, “லாரிக்காரன் ஏற்றிவிட்டான், என்ன செய்வது?” என்று நெசவாளியின் மீட்டர் கூலியிலே கை வைக்கிறார்கள். ஆகவே போக்குவரத்து என்பது ஏதோ எஞ்சினியர்கள் வரைபடம் விரித்துப் பேசும் சங்கதி என்று நம் தோழர்கள் ஒதுங்கக்கூடாது. அது கூலிப் பிரச்சினை.

இந்த மண் தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்த கதை இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் வட எல்லைப் போராட்டம் நடத்தினர். மக்கள் சிறை சென்றனர். 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் இவ்வூர்கள் நம்மோடு இணைந்தன. செங்கற்பட்டு மாவட்டம் என்றார்கள். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் என்றார்கள். பெயர்ப்பலகை இருமுறை மாறிற்று. போராடிப் பெற்ற எல்லைக்குப் போட்டுத் தந்த புதிய இருப்புப்பாதை எத்தனை மைல்? ஒரு மைல்கூட இல்லை.

இல்லை, இல்லை, ஒன்று அறிவித்தார்கள்! திண்டிவனம் - நகரி புதிய இரயில் பாதை. 2006-07 இரயில்வே பட்ஜெட்டில் வந்தது. லாலு பிரசாத் மந்திரி. அரக்கோணம் தொகுதி உறுப்பினர் ஆர்.வேலு இணையமைச்சர். நீளம் 180 கிலோமீட்டர் அளவு. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரம் வழியாக நகரியில் போய் முடியும் என்றார்கள். பட்டு நெய்கிற ஆரணியையும் லுங்கி நெய்கிற நம் வட்டாரத்தையும் ஒரே தண்டவாளத்தில் கோக்கிற திட்டம். நல்ல திட்டம்தான், யார் கொண்டுவந்தாலும் நல்ல திட்டம்தான். ஆனால் நிலம் எடுப்பதில் தாமதம், பணம் ஒதுக்குவதில் தாமதம். ஒரு பட்ஜெட்டில் கொஞ்சம், மறு பட்ஜெட்டில் அதைவிடக் கொஞ்சம். அன்று பிறந்த குழந்தை இன்று தறி நெய்கிறது. இரயில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு: 2008-09இல் அனுமதிக்கப்பட்ட அத்திப்பட்டு - புத்தூர் பாதை, 88 கிலோமீட்டர். இது ஏன் முக்கியம்? நம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட், அங்கே ஆலைகள், அங்கே வேலை. மேற்குக் கோடியில் நம் ஊர். தறி நின்ற மாதத்தில் வேலை தேடி ஒருவன் இரயிலில் கும்மிடிப்பூண்டி போக வேண்டுமென்றால் என்ன வழி? திருத்தணிக்கு பஸ்ஸில் போய், சென்னைக்கு இரயில் ஏறி, அங்கிருந்து வடக்கே திரும்பவேண்டும். இல்லையேல் ரேணிகுண்டா போய், கூடூர் போய், ஆந்திராவையே சுற்றி வரவேண்டும்! ஒரே மாவட்டத்துக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இப்படி ஒரு தீர்த்த யாத்திரை. இத்தகைய தமிழகப் பாதைகள் சிலவற்றுக்குப் பட்ஜெட்டில் பெயருக்கு ஆயிரம் ரூபாய் எழுதிவைத்த வேடிக்கையும் நடந்தது. ஆயிரம் ரூபாய்க்குத் தண்டவாளம் அல்ல, அதை அளக்கும் சங்கிலிகூட வாங்க முடியாது.

சரி, இரயில் வரும்போது வரட்டும். பஸ்ஸைப் பார்ப்போம்.

1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. அதன் நியாயம் எளிமையானது. கூட்டம் நிறைந்த வழித்தடத்தில் வரும் லாபம் முதலாளியின் பெட்டிக்குப் போகாமல், கூட்டம் குறைந்த கிராமத்துக்கு வண்டி ஓட உதவவேண்டும். இன்று சில அதிகாரிகள், “அந்தத் தடம் நஷ்டம்” என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். நஷ்டத் தடத்துக்காகத்தானே ஐயா கழகமே பிறந்தது! லாபத் தடம் மட்டும் ஓட்டுவதென்றால் பழைய முதலாளியே போதுமே.

2021 மே 7ஆம் நாள் மு.க.ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொல்லிற்று. நூல் சுற்றும் பெண்ணுக்கு அது அரிசிப் பணம். இதைக் குறை சொல்பவன் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் சலுகை எந்த வண்டிக்கு என்பதைக் கவனியுங்கள். நகரப் பேருந்து வந்தால் இலவசம்; அது வராமல் புறநகர் வண்டி வந்தால் சீட்டு வாங்கவேண்டும். எத்தனை நடை வண்டி விடுகிறார்கள் என்பதில் இருக்கிறது சூட்சுமம். பெரிய நகரத்தில் ஒரு வண்டி போனால் பின்னாலேயே மற்றொன்று. இங்கே ஒரு நடையை வெட்டினால் அந்த வேளைக்கு இலவசத்தையே வெட்டியதாகிறது.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு கூத்து. ஆந்திர அரசும் 2025 ஆகஸ்ட் 15 முதல் தன் மாநிலப் பெண்களுக்கு இலவசப் பயணம் தந்தது. மாநிலம் கடக்கும் வண்டிகளுக்கு அது கிடையாது. நகரியில் அக்காள், பொதட்டூர்பேட்டையில் தங்கை. இருவருக்கும் அவரவர் மாநிலத்தில் இலவசம். ஒருவரையொருவர் பார்க்கப் போனால் மட்டும் காசு!

மினி பஸ் இருக்கிறதே என்பார்கள். 2025 ஜூன் 16இல் புதிய மினி பஸ் திட்டத்தைத் தஞ்சையில் தொடங்கினார்கள். தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம். வண்டியே காணாத சிற்றூருக்கு அது வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது தனியார் வண்டி. அதில் பெண்களுக்கு இலவசம் இல்லை. அரசு வண்டியின் நடையைக் குறைத்து அந்த இடத்தில் இதை நிரப்பினால், ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கியதாகும்.

டெல்லியின் கணக்கோ தனிக் கணக்கு. 2023இல் பத்தாயிரம் மின்சார பஸ் தருவோம் என்றார்கள்; மூன்று லட்சம் மக்களாவது உள்ள நகரங்களுக்குத்தான் என்றார்கள். 2025 நவம்பரில் கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ இரயில் கேட்ட அறிக்கைகளைத் திருப்பி அனுப்பினார்கள்; 2011 கணக்குப்படி இருபது லட்சம் தலை இல்லையாம்! கோவைக்கே தலை போதவில்லை என்றால் பொதட்டூர்பேட்டை எந்த மூலை? தலையை எண்ணுகிறவர்கள் தேவையை எண்ணுவதில்லை. பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரம் பாதாள இரயிலுக்குக் காத்திருக்கவில்லை. 1974இலேயே சாலையின் நடுவில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கி ஓட்டிக் காட்டிற்று. பணக்கார நாடு அல்ல அது. சாலை யாருக்கு என்ற கேள்விக்கு பஸ்ஸில் போகிறவனுக்கு என்று விடை சொன்ன நகரம்.

பொதட்டூர்பேட்டைக்கு மெட்ரோ வேண்டாம். தறி ஷிப்டு மாறும் காலையிலும் இரவிலும் திருத்தணிக்கு நகரப் பேருந்து வேண்டும். அது இரயில் நேரத்தோடு பொருந்தி நிற்கவேண்டும். இரயில் போனபின் வந்து சேரும் பஸ் எதற்கு? திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். பிரசவத்தில் சிக்கல் என்று அங்கே அனுப்பப்படும் பெண்ணுக்குத் துணைபோகும் தாய், வண்டி மாறி மாறிக் கைக்காசை இழக்காமல் போய்வர நேர்வண்டி வேண்டும். அம்மப்பள்ளி அணையில் தண்ணீர் திறந்தால் மூழ்கும் பள்ளிப்பட்டுப் பகுதித் தரைப்பாலங்களை மேம்பாலமாக்கவேண்டும்; மழைக்காலத்தில் பாலம் மூழ்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பாஸ் இருந்து பயனில்லை.

கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்யவேண்டும். ஒரு வாரம் பஸ் நிலையத்தில் முறைவைத்து உட்காருங்கள். எந்த வண்டி வந்தது, எந்த நடை வரவில்லை, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். டிரைவர், கண்டக்டர் தோழர்களோடு சண்டை வேண்டாம். ஆள் போதாமல் இரட்டை வேலை பார்ப்பவர்கள் அவர்கள், எந்த நடை ஏன் வெட்டப்பட்டது என்று நமக்குச் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. அந்த நோட்டோடு முதலில் பணிமனைக்குப் போங்கள். பிறகு கலெக்டர் ஆபீசுக்கு, திங்கட்கிழமை மனுநாளில். கையெழுத்துப் போட நெசவுக்காரப் பெண்களை அழைத்துப்போங்கள். வண்டி வராததன் விலை அவர்களுக்குத்தான் பைசா சுத்தமாகத் தெரியும்.